குதிரை வாங்கியாச்சு... லகான்? தீபத் திருவிழா சந்தைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கார்த்திகை தீபம் என்றதும் மலை உச்சியில் ஏற்றப்படும் தீபமும், 14 கி.மீ. கிரிவலப் பாதையில் நகரும் மக்கள் கூட்டமும்தான் நம் நினைவுக்கு வரும். அதே நாட்களில் திருவண்ணாமலையில் இன்னொரு கூட்டமும் கூடும். அது கால்நடைச் சந்தை. காளைகள், கறவை மாடுகளோடு குதிரைகளும் விற்பனைக்கு வரும். உயரமான மார்வாரி, காதுகள் உள்நோக்கி வளைந்த கத்தியவாரி, குட்டையான நாட்டு மட்டக் குதிரை என்று பல ரகங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தையைப்போல, குதிரைப் பிரியர்கள் காத்திருந்து வரும் இடம் இது.

முன்பெல்லாம் குதிரை வாங்கியவர்களுக்கு வண்டி இழுப்பதுதான் முக்கியம். இப்போது வார இறுதியில் குதிரையேற்றம் கற்றுக்கொள்பவர்கள், பண்ணை வீடு வைத்திருப்பவர்கள், பிள்ளைகளுக்காக ஒரு மட்டக் குதிரை தேடுபவர்கள் எனப் புதியவர்களும் சந்தைப் பக்கம் வருகிறார்கள். பல்லைப் பார்த்து வயது கேட்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள், நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். பேரம் முடிந்ததும், குதிரையோடு சேர்ந்து வந்த லகானையே பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். “கயிறுதானே, அப்புறம் பாத்துக்கலாம்” என்ற நினைப்பு.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. ஓட்டுபவரின் கைக்கும் குதிரையின் வாய்க்கும் இடையில் இருக்கும் ஒரே தொடர்பு அந்த ‘கயிறு’தான். அது சரியில்லை என்றால் குதிரைக்கு வாயில் புண், ஓட்டுபவருக்கு எலும்பு முறிவு. இரண்டுமே நடக்கலாம்.

லகானா, கடிவாளமா?

பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். கடையில் கேட்டு வாங்கும்போது பிரித்துச் சொன்னால் குழப்பம் வராது. குதிரையின் தலையைச் சுற்றி வரும் பட்டை ஒன்று, வாய்க்குள் இருக்கும் இரும்பு ஒன்று, அந்த இரும்பின் இரு முனைகளிலிருந்து ஓட்டுபவரின் கைக்கு வரும் வார் ஒன்று. இந்தக் கட்டுரையில் வாய்க்குள் இருக்கும் இரும்பைக் ‘கடிவாளம்’ என்றும், கையில் பிடிக்கும் வாரை ‘லகான்’ என்றும் எடுத்துக்கொள்வோம்.

குதிரையின் வாய் ஏன் இவ்வளவு முக்கியம்?

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளம் உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் எலும்பின் மேல் மெல்லிய ஈறு மட்டுமே இருக்கிறது, சதைப்பற்று கிடையாது. கீழே நாக்கு. ஆக, லகானை வெடுக்கென்று இழுத்தால் அந்த அதிர்ச்சி நேராக ஈறிலும் நாக்கிலும் விழுகிறது.

உடம்பில் ஈ உட்கார்ந்தால்கூட அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் விலங்கு இது. அதன் வாயை நிறுத்த முழு பலமும் தேவையில்லை. விரல்களை லேசாக மூடித் திறப்பதே பழக்கப்பட்ட குதிரைக்குப் போதுமான செய்தி. தொடர்ந்து இழுபட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். வாய் மரத்துப்போய், எவ்வளவு இழுத்தாலும் நிற்காத குதிரையாகிவிடும். இல்லையென்றால் வலிக்குப் பயந்து தலையைத் தூக்கும், பின்னங்கால்களில் எழும்பும். ‘முரட்டுக் குதிரை’ என்று பெயர் வாங்கும் பல குதிரைகளின் பிரச்சினை சுபாவத்தில் இல்லை, வாயில் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது: முள் இருக்கிறதா?

லகானைத் தேர்ந்தெடுக்கும் முன் அது எதில் மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வாய்க்குள் போகும் இரும்பில் கூர்முனைகள், முட்கள், புடைப்புகள் இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டியதுதான். வட இந்தியாவில் ‘காண்டா லகாம்’ என்று சொல்லப்படும் முள் கடிவாளம் இதுதான்.

இது இரக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, சட்டமும் இதைத் தடுக்கிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் கீழ் 1965-ல் கொண்டுவரப்பட்ட இழுவை மற்றும் பொதி விலங்குகளுக்கான விதிகள், காயமோ கடும் வலியோ உண்டாக்கும் முள் கடிவாளத்தையும் முள் தார்க்குச்சியையும் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. சவாரிக்கும் இது பொருந்தும். ‘வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இன்று அதைப் போட்டு ஓட்டுபவர்தான் பொறுப்பு.

இன்னொரு வகையையும் கவனியுங்கள். வாயின் இரு பக்கமும் கீழ்நோக்கி நீளும் தண்டுகளும், தாடைக்கு அடியில் ஒரு சங்கிலியும் கொண்ட கடிவாளம். இது நெம்புகோல்போல வேலை செய்யும். வாய்க்கு மேலே 2 அங்குலம், கீழே 6 அங்குலம் தண்டு என்றால், நீங்கள் இழுக்கும் விசை தாடையில் சுமார் 3 மடங்காக இறங்கும். கை பழகாதவர்களுக்கு இது வேண்டாம். இரு பக்கமும் வளையம் மட்டும் கொண்ட, வழவழப்பான சாதாரணக் கடிவாளத்தில் தொடங்குவதே நல்லது. அதில் நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவுதான் வாய்க்குப் போகும்.

நீளம்: அதிகமும் ஆபத்து, குறைவும் ஆபத்து

லகான் நீளமாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில், நீளமான லகானின் மிச்சம் குதிரையின் தோளோரம் வளையமாகத் தொங்கும். ஓட்டுபவரின் கால் அதற்குள் நுழைந்துவிட்டால், கீழே விழும்போது குதிரையோடு இழுபட நேரிடும். மட்டக் குதிரையில் ஏறும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். பெரிய குதிரைக்கான லகானை அப்படியே மட்டக் குதிரைக்கு மாட்டுவதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

குட்டையாக இருந்தாலும் தொல்லைதான். மேட்டில் ஏறும்போதோ தடுக்கும்போதோ குதிரை கழுத்தை நீட்டித்தான் சமநிலை பிடிக்கும். லகானில் இடம் இல்லையென்றால் ஓட்டுபவர் முன்னால் இழுக்கப்படுவார், இல்லையென்றால் குதிரையின் வாய் அடிபடும்.

பொதுவான அளவு இப்படி வரும். 14.2 கை, அதாவது 58 அங்குலத்துக்குள் உயரம் இருந்தால் அது மட்டக் குதிரை வகை (ஒரு கை என்பது 4 அங்குலம், 14.2 என்றால் 14 கையும் 2 அங்குலமும்). சிறிய மட்டக் குதிரைக்கு ஒரு பக்க லகான் சுமார் 48 அங்குலம் போதும். முழு உயரக் குதிரைக்கு ஒரு பக்கம் 54 முதல் 60 அங்குலம் தேவைப்படும். குதிரையின் உயரத்தைவிடக் கழுத்தின் நீளத்துக்குத்தான் இங்கே முக்கியத்துவம். எனவே எண்ணை மட்டும் நம்பாமல் மாட்டிப் பார்ப்பதே சரி.

சேணத்தில் உட்கார்ந்து, வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் லகானைப் பிடியுங்கள். கைக்குப் பின்னால் மிஞ்சும் வளையம் உங்கள் பாதத்தை எட்டக் கூடாது. பிறகு விரல்களைத் தளர்த்தி, குதிரையைக் கழுத்து நீட்டவிடுங்கள். லகானின் கடைசி முனை கையைவிட்டு நழுவாமல் இருக்க வேண்டும். இரண்டிலும் தேறினால் நீளம் சரி.

அகலம்: கைக்கு ஏற்றதா?

பெரும்பாலான பெரியவர்களுக்கு 16 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஐந்தில் மூன்று அங்குல அகலம் சரியாக இருக்கும். கை பெரிதாக இருந்தால் 19 மி.மீ. வரை போகலாம். குழந்தைகளுக்கு 12-13 மி.மீ. போதும். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே நுழைந்து, உள்ளங்கை வழியாக மேலேறி, கட்டைவிரலுக்கு அடியில் வெளியே வரவேண்டிய வார் இது. ரொம்பத் தடிமனாக இருந்தால் விரல்களை மூட முடியாது. ரொம்ப மெல்லியதாக இருந்தால் வழுக்கும், இழுத்தால் விரலை அறுக்கும்.

எடையும் முக்கியம். கனமான லகான், நீங்கள் இழுக்காமல் விட்டாலும் தன் பாரத்தாலேயே வாயில் தொங்கிக்கொண்டிருக்கும். மணி, குஞ்சம், பித்தளைப் பூ எல்லாம் வைத்த அலங்கார லகான் சாமி ஊர்வலத்துக்கு அழகு. தினசரி சவாரிக்கு அது பாரம்.

தோல், பருத்தி, நைலான், ரப்பர்: எது நல்லது?

தோல்: உலகம் முழுக்க இன்றும் பலரின் முதல் தேர்வு. விரல் அசைவை வாய்க்குத் துல்லியமாகக் கொண்டுபோகும், பழகப் பழகக் கைக்கு மென்மையாகும். சேணம், லகான் போன்றவற்றுக்குத் தாவரப் பொருட்களால் பதப்படுத்திய தோல் ஏற்றது. தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்திய நீண்ட மரபு உண்டு. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று அது ஏற்றுமதிச் சந்தையில் பெயர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. சேணப் பொருட்களுக்கு இந்தியாவில் பெயர்பெற்ற ஊர் கான்பூர். அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. தோலின் குறை, நனைந்தால் வழுக்கும். கவனிக்காமல் விட்டால் வெடிக்கும்.

ரப்பர் பிடி போட்ட தோல்: கைபிடிக்கும் பகுதியில் மட்டும் ரப்பர் உறை இருக்கும். மழையிலும் வியர்வையிலும் வழுக்காது. பந்தயக் குதிரையோட்டிகளும் தடை தாண்டுபவர்களும் விரும்புவது இதைத்தான். விரலுக்குக் கொஞ்சம் தடிமனாகத் தெரியும்.

நாடா லகான்: பட்டையான பருத்தி நாடா, இடையிடையே குறுக்காகத் தைத்த தோல் துண்டுகள். கை எங்கே இருக்கிறது என்பதை அந்தத் துண்டுகளே சொல்லிவிடும். இரண்டு கையும் ஒரே அளவில் பிடிக்கப் பழக வேண்டிய ஆரம்பக்காரர்களுக்கு மிகவும் உதவும்.

பருத்திக் கயிறு: மென்மை, விலையும் குறைவு, துவைக்கலாம். ஆனால், நனைந்தால் கனக்கும், நாளடைவில் உள்ளேயே இற்றுப்போகும். நிதானமான நடைக்குப் போதும்.

நைலான்: சந்தைக் கடைகளில் பளிச்சென்ற நிறங்களில் தொங்கும் கயிறு பெரும்பாலும் இதுதான். இற்றுப்போகாது, மழைக்குக் கவலையில்லை. ஆனால், குதிரை திமிறினால் கையில் உராய்ந்து தோலைக் கிழித்துவிடும். இன்னொரு சிக்கல், இது லேசில் அறுந்துபோகாது. குதிரையின் கால் மாட்டிக்கொண்டால், கயிறு அறாமல் கால் எலும்போ தாடையோ சேதமாகலாம். மலிவு என்பதற்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் பூச்சு போட்ட நாடா: தோல் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு நல்ல மாற்று. ஈரத்துணியால் துடைத்தால் சுத்தம், பூஞ்சை பிடிக்காது. தரமற்றது வெயிலில் விறைத்துவிடும், வளைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

விளையாட்டு வீரர்களும் ஒரே லகானை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதில்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி தங்கம் வென்ற ‘டிரஸ்ஸாஜ்’ பிரிவில் நுட்பமான அசைவுகள்தான் முக்கியம். அதற்கு மெல்லிய, உணர்வு தரும் லகான் வேண்டும். தடை தாண்டும் போட்டியில் வழுக்காத பிடி வேண்டும். ‘எது சிறந்தது’ என்பதைவிட ‘எதற்காக’ என்று கேட்பதே சரியான கேள்வி.

ஒரே வாரா, இரண்டு தனி வார்களா?

இரண்டு பக்க வார்களும் நடுவில் பக்கிளால் இணைந்திருப்பது ஒரு வகை. கைநழுவினாலும் குதிரையின் கழுத்திலேயே கிடக்கும். புதியவர்களுக்கு இதுவே நல்லது. இரண்டும் இணையாமல் தனித்தனியாகத் தொங்குவது இன்னொரு வகை. அமெரிக்க மேய்ச்சல் நிலச் சவாரியில் இது வழக்கம். கைநழுவினால் தரையில் விழும், குதிரை அதை மிதித்தால் தன் வாயைத் தானே இழுத்துக்கொள்ளும். பழகியவர்களுக்கு மட்டுமே அது.

சில வகை லகான்கள் கடிவாள வளையத்தின் வழியாக நுழைந்து சேணப் பட்டையில் போய் முடியும். குதிரையின் தலையைக் கீழே இழுத்துப் பிடிக்கப் பயன்படுபவை இவை. பார்க்க ‘கழுத்தை அழகாக வளைத்த’ குதிரைபோலத் தெரியும். அனுபவமுள்ள பயிற்சியாளரின் கையில் மட்டும் இருக்க வேண்டிய கருவி இது. போட்டோவுக்காக மாட்டிப் பார்க்கும் விஷயம் இல்லை.

அறுந்துபோவது எங்கே?

லகான் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. கடிவாள வளையத்தில் மடங்கும் இடம், பக்கிள் ஓட்டை, தையல் ஆகிய மூன்றும்தான் பலவீனமான இடங்கள். அந்த மடிப்பை விரித்து, உள்பக்கம் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தையலை நகத்தால் கீறிப் பாருங்கள், நூல் எழும்பினால் வேண்டாம். கொக்கி துருப்பிடித்திருந்தாலும், கம்பியைச் சுற்றி ஒட்டுப்போட்டிருந்தாலும் வேண்டாம். பழைய லகானை எடுக்கும்போது இதைத் தவறவே விடக் கூடாது. பாய்ச்சலில் ஒரு பக்கம் மட்டும் அறுந்தால், மிச்சம் இருக்கும் பக்கத்தை இழுக்கத்தான் கை போகும். குதிரை திடீரென அந்தப் பக்கம் வட்டமடிக்கும், ஓட்டுபவர் எதிர்ப்பக்கம் விழுவார்.

கார்த்திகை மழையும் தோலும்

தீபத் திருவிழா வருவது நவம்பர், டிசம்பரில். வடகிழக்குப் பருவமழைக் காலம். புதுத் தோல் லகான் அந்த ஈரத்திலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். நனைந்தால் துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ காயவைத்தால் விறைத்து வெடிக்கும். ஓட்டி முடித்ததும் குதிரையின் வியர்வையையும் எச்சிலையும் ஈரத்துணியால் துடைப்பது அவசியம். தோலைச் சீக்கிரம் கெடுப்பது அந்த உப்புதான். மாதம் ஓரிரு முறை சேணச் சோப்பும், தோலுக்கான எண்ணெயும் போதும். எண்ணெயை அளவுக்கு மீறிப் பூசினால் தோல் தொளதொளவென்று இழுபட்டு, பிடி வழுக்கும்.

லகானால் கட்டிவைக்கலாமா?

கூடவே கூடாது. டீ குடிக்கப் போகும் நேரத்தில் லகானையே மரத்தில் சுற்றிவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கும் தவறு. பட்டாசுச் சத்தமோ லாரி ஹாரனோ கேட்டுக் குதிரை பின்வாங்கினால், அதன் முழு எடையும் வாய்க்குள் இருக்கும் இரும்பில்தான் விழும். நாக்கு கிழியலாம். கட்டிவைக்க, வாய்க்குள் இரும்பு இல்லாத தலைக்கயிறு தனியாக வேண்டும். இழுத்தால் உடனே அவிழும் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். சந்தையில் லகானோடு இதையும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

அதேபோல, லகானைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் விரல்களைத் திறந்து விட முடிய வேண்டும்.

கை பழகுவதே பாதி வித்தை

குதிரைக்கும் இந்தப் பகுதிக்கும் பழைய உறவு உண்டு. 14-ம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தான். கோயிலின் வல்லாள கோபுரம் இன்றும் அவன் பெயரைச் சொல்கிறது. பக்கத்துச் செஞ்சியில் 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த தேசிங்கு ராஜனின் கதையில், யாருக்கும் அடங்காத குதிரையை இளம் வயதிலேயே அடக்கியதுதான் மக்கள் இன்றும் விரும்பிச் சொல்லும் கட்டம். ஆனால் ‘அடக்குவது’ என்ற சொல்லே புதியவர்களைத் தவறாக வழிநடத்திவிடுகிறது. குதிரையை நிறுத்துவதில் லகானுக்கு இருக்கும் பங்கு கொஞ்சம்தான். உட்காரும் விதம், கால் அழுத்தம், குரல் எல்லாம் சேர்ந்துதான் நிறுத்துகின்றன. கை கடைசியில் வர வேண்டும்.

அதனால்தான் புதியவர்கள் முதல் சில வாரங்கள் லகானைப் பிடித்துத் தொங்காமல் உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். சமநிலை போகும்போது பிடிக்க, சேணத்தின் முன்பக்கம் ஒரு வாரைக் கட்டிவைக்கலாம், பிடரி மயிரையும் பிடித்துக்கொள்ளலாம். குதிரையின் வாய் கைப்பிடி இல்லை.

சந்தையில் 5 நிமிடச் சோதனை

1. குதிரையின் உதட்டோரத்தைப் பாருங்கள். புண், வெள்ளைத் தழும்பு, காய்ப்பு இருந்தால் அது எப்படி ஓட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும். அந்தக் குதிரைக்கு மென்மையான கடிவாளமும் பொறுமையும் தேவைப்படும்.

2. இப்போது மாட்டியிருக்கும் கடிவாளத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முள், கூர்முனை, துரு இருந்தால் குதிரையை மட்டும் வாங்குங்கள், கடிவாளத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

3. விற்பவரையே ஏறி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிறுத்தும்போது குதிரை வாயைப் பிளக்கிறதா, தலையை வானத்துக்குத் தூக்குகிறதா என்று கவனியுங்கள்.

4. லகானின் இரு பக்கமும் ஒரே நீளமா என்று சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுபட்டு நீண்டிருந்தால் குதிரை எப்போதும் ஒரு பக்கமே சாயும்.

5. கையை லேசாக நனைத்துவிட்டு லகானைப் பிடித்துப் பாருங்கள். வழுக்கினால் மழை நாளிலும் வழுக்கும்.

6. வீட்டுக்குக் கொண்டுபோனதும் கால்நடை மருத்துவரிடம் பல்லையும் வாயையும் காட்டுங்கள். கடைவாய்ப் பல் கூராக வளர்ந்திருந்தால் எந்த லகானைப் போட்டாலும் குதிரை தலையை உதறிக்கொண்டுதான் இருக்கும்.

வாங்கிய அன்றே கிரிவலச் சாலையில் ஒரு சுற்றுப் போக ஆசை வரும். கூட்டம், வாகனம், மேளச் சத்தம் எல்லாம் உள்ள இடத்தில் புதுக் குதிரை, புது லகான், புதுக் கை மூன்றும் ஒன்றாகச் சேர்வது நல்லதல்ல. வேலியிட்ட திடலில் முதல் சில நாட்கள் நடைபோடட்டும். நிற்கச் சொல்லி விரலை மூடும்போது, இழுக்காமலே குதிரை நின்றால் நீங்கள் எடுத்த லகான் சரி. உங்கள் கையும் சரியாகப் பழகிவருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.